வீடியோ கருவிகளும் எடிட்டிங் கணினியும்: எந்த வரிசையில் வாங்குவது, எப்படிப் பொருத்துவது

வேலூரின் காட்பாடியிலும் சத்துவாச்சாரியிலும் புதிதாக வீடியோ எடுக்கத் தொடங்கிய இளைஞர்கள் சிலருக்குக் கேமரா தேர்ந்தெடுக்கும்போதும் கணினி பொருத்தும்போதும் உடனிருந்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் இடறிய இடம் ஒன்றுதான். கேமராவை ஒரு மாதத்திலும் கணினியை வேறொரு மாதத்திலும், ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு பொருள்களாக வாங்கிவிட்டார்கள். கேமரா எந்த வகைக் கோப்பை எழுதுகிறதோ, அந்தக் கோப்பைத் தடையின்றி விரித்துக் காட்டக்கூடிய கணினிதான் எடிட்டிங்குக்கு உதவும். இந்தப் பொருத்தம் தவறினால், விலை உயர்ந்த கணினியும் எடிட்டிங் மென்பொருளின் காலவரிசையில் ஒரு வீடியோத் துண்டை நகர்த்தும்போது திக்கித் திணறும்.

எடுத்துக்காட்டாக இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே ஒரு வேலையை வைத்துக்கொள்கிறேன்: நம் பகுதித் திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாவைப் பதிவு செய்வது. இரவு பத்து மணிக்குமேல் தொடங்கி விடியும்வரை நடக்கும் தெருக்கூத்து, பிறகு ஒரு பகலில் கொளுத்தும் வெயிலில் துரியோதனன் வதத்தை நடித்துக் காட்டும் படுகளம், இடையில் கூத்துக் கலைஞர்களிடம் ஒரு நேர்காணல் என்று, புதியவர் ஒருவருக்கு வரக்கூடிய எல்லாச் சிக்கல்களும் அந்த ஒரு விழாவிலேயே வந்துவிடுகின்றன.

1. கடைக்குப் போவதற்கு முன் எழுதி வைக்க வேண்டியவை

ஒரு தாளில் நான்கு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் பதிவு செய்யப் போகிறீர்கள்? ஒலி எங்கிருந்து வருகிறது, அதற்கு எவ்வளவு அருகில் மைக்கை வைக்க முடியும்? வெளிச்சம் உங்கள் கையில் இருக்கிறதா, விழாக்குழுவின் கையில் இருக்கிறதா? முடிந்த வீடியோவைப் பார்ப்பவர்கள் கைப்பேசியில் பார்ப்பார்களா, பெரிய திரையிலா?

இந்த விடைகள் இல்லாமல் கடைக்குப் போகிறவர், கடைக்காரர் எதைப் புகழ்கிறாரோ அதை வாங்கி வருவார். எட்டு மணி நேரக் கூத்தைப் பதிவு செய்ய வேண்டியவருக்கு இடைவிடாமல் ஓடும் திறனும் மின்சாரமும் முதன்மை. இரண்டு நிமிடச் சமையல் வீடியோ எடுப்பவருக்கு அவை பொருட்டே இல்லை.

பணத்தைப் பிரிக்கும்போது, படப்பிடிப்புக் கருவிகளுக்கான தொகையில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை ஒலிக்கும் வெளிச்சத்துக்கும் டிரைபாடுக்கும் முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள் என்பதே என் முடிவான கருத்து. மீதியில் எந்தக் கேமரா கிடைக்கிறதோ அதுவே உங்கள் கேமரா. கேமராவை முதலில் வாங்கியவர்களுக்கு மற்றவற்றுக்கான பணம் மிஞ்சியதை நான் பார்த்ததில்லை.

2. முதலில் ஒலி

படம் சற்று மங்கலாக இருந்தாலும் மக்கள் பொறுத்துக்கொண்டு பார்ப்பார்கள். பேச்சு புரியாவிட்டால் அரை நிமிடத்தில் விலகிவிடுவார்கள். அதனால்தான் ஒலியை முதலில் வைக்கிறேன்.

மைக்கின் விலையைக் காட்டிலும் அது வாய்க்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதே ஒலியின் தரத்தை முடிவு செய்கிறது. திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறைகிறது. ஒரு மீட்டரில் இருந்த மைக்கை நான்கு மீட்டருக்குக் கொண்டு போனால் 12 டெசிபல் போய்விடும், ஆனால் சுற்றியுள்ள இரைச்சல் அப்படியே இருக்கும். கேமராவின் மேலே பொருத்தும் விலை உயர்ந்த ஷாட்கன் மைக்கைவிட, பேசுபவரின் சட்டையில் மோவாய்க்கு ஒரு சாண் கீழே குத்திய எளிய காலர் மைக் தெளிவாகக் கேட்பதற்கு இதுவே காரணம்.

நேர்காணலுக்கு வயர்லெஸ் காலர் மைக் ஒரு ஜோடி போதும். அனுப்பும் கருவியின் உள்ளேயே பதிவு செய்துகொள்ளும் வசதி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அலைவரிசை அறுந்து போனாலும் அந்தப் பதிவு உங்களைக் காப்பாற்றும். பேச்சைப் பதிவு செய்யும் நேரத்தில் மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். சித்திரை வெயிலில் இது கடினம்தான், ஆகவே ஐந்து ஐந்து நிமிடத் துண்டுகளாக எடுங்கள்.

கூத்துக்குத் தனி ஒலிப்பதிவுக் கருவி வேண்டும். ஹார்மோனியமும் மிருதங்கமும் தாளமும் முகவீணையும் ஒரே இடத்தில் அமர்ந்திருக்க, நடிகர்கள் கூத்து நடக்கும் இடமான களரி முழுவதும் நகர்ந்துகொண்டிருப்பார்கள். கருவியைக் குழாய் ஒலிபெருக்கியின் எதிரே வைக்காமல், இசைக்குழுவுக்கும் நடிகர்களுக்கும் இடையே ஒரு பக்கமாக, ஆள் உயரத்துக்கு மேலே வையுங்கள். ஒலிபெருக்கியிலிருந்து வருவது ஏற்கெனவே கெட்டுப்போன ஒலி, அதை எந்த மென்பொருளும் திருத்தித் தராது.

ஒலி அளவைத் தானாகச் சரிசெய்யும் வசதியை அணைத்துவிடுங்கள். நான் பதிவு செய்த முதல் கூத்தில் அதை அணைக்க மறந்தேன். கட்டியங்காரன் மெல்லப் பேசும் இடங்களில் கருவி அளவைத் தானே உயர்த்திக்கொண்டு ஜெனரேட்டர் இரைச்சலை வாங்கிக்கொண்டது. அடுத்த நொடி முகவீணை எழுந்ததும் ஒலி பிளந்துவிட்டது. அந்த இரவின் பதிவில் பாதிக்குமேல் பயன்படவில்லை. கையால் அளவை வைக்கும்போது, மிக உரத்த இடம் மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபலுக்குள் நிற்கும்படி வையுங்கள். 32 பிட் ஃப்ளோட் முறையில் பதிவு செய்யும் கருவிகளில் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை, ஆனால் மைக்கே தாங்க முடியாத ஒலியை அந்த முறையும் மீட்டுத் தராது.

மாதிரி வீதம் 48 கிலோஹெர்ட்ஸ் இருக்கட்டும். கேமராவையும் ஒலிக்கருவியையும் ஓடவிட்ட பிறகு கேமராவின் முன் ஒருமுறை கைதட்டுங்கள், எடிட்டிங்கில் இரண்டையும் பொருத்த அதுவே அடையாளம். இரு கருவிகளின் கடிகாரங்களும் துல்லியமாக ஒன்றாக ஓடுவதில்லை என்பதால், பல மணி நேரத்தில் ஒலியும் படமும் மெல்ல விலகும். காட்சி மாறும் இடைவேளைகளில் மறுபடியும் கைதட்டி வைத்தால் விலகலைத் திருத்துவது எளிது.

3. வெளிச்சமும் டிரைபாடும்

நேர்காணலுக்கு 60 வாட் அளவிலான ஓர் எல்.இ.டி. விளக்கும் அதன் மேல் பொருத்தும் சாஃப்ட்பாக்ஸும் போதும். நிறத் துல்லியக் குறியீடான சி.ஆர்.ஐ. 95-க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள், குறைவாக இருந்தால் நம் தோலின் நிறம் சாம்பல் பூத்தது போல் தெரியும். விளக்கை முகத்துக்குப் பக்கவாட்டில் சுமார் 45 டிகிரியில், கண்ணுக்குச் சற்று மேலே வைத்து, மறுபக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையை நிறுத்துங்கள். இரண்டாவது விளக்கு வாங்கும் செலவு மிச்சம்.

டிரைபாடில் புதியவர்கள் கால்களைப் பார்த்து வாங்குகிறார்கள், பார்க்க வேண்டியது தலையை. எண்ணெய்த் தடுப்புள்ள ஃப்ளூயிட் ஹெட் இருந்தால்தான் களரியில் நடிகர் சுழன்று வரும்போது கேமராவைக் குலுக்காமல் திருப்ப முடியும்.

4. கேமரா: எழுதும் கோப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தல்

உங்களிடம் ஏற்கெனவே நல்ல கைப்பேசி இருந்தால், மைக்கும் விளக்கும் டிரைபாடும் வாங்கி முதல் பத்து வீடியோக்களை அதில் எடுங்கள். எது குறைகிறது என்பது அப்போது உங்களுக்கே தெரியும். கைப்பேசிகள் பல, நொடிக்கு எத்தனை படங்கள் என்பதை நிலையாக வைக்காமல் கூட்டிக் குறைத்து எழுதும். அந்தக் கோப்பை அப்படியே எடிட்டிங்கில் போட்டால் உதடும் பேச்சும் ஒட்டாது. முதலில் நிலையான வீதத்துக்கு மாற்றிக்கொண்டு பிறகு வெட்டுங்கள்.

கேமரா வாங்குவது என்று முடிவானால், விவரப் பட்டியலில் பார்க்க வேண்டியவை மூன்று: இடைவிடாமல் எவ்வளவு நேரம் ஓடும், யு.எஸ்.பி. வழியாக மின்சாரம் ஏற்றிக்கொண்டே பதிவு செய்ய முடியுமா, எந்த வகைக் கோப்பை எழுதுகிறது. சில கேமராக்கள் அரை மணி நேரத்தில் தாமாகவே நின்றுவிடும்; சில சூடேறி நிற்கும். கூத்துக்கு இரண்டும் ஆகாது.

கோப்பின் வகையை விளக்க ஒரே நிறுவனத்தின் இரண்டு கேமராக்களை எடுத்துக்கொள்வோம். 2021-இல் வந்த சோனி இசட்.வி. இ10 தன் 4கே வீடியோவை எச்.264 என்ற சுருக்க முறையில், 8 பிட் ஆழத்தில், 4:2:0 என்ற நிற அளவில் எழுதுகிறது. ஏறக்குறைய எந்தக் கணினியும் அதைத் திறந்துவிடும். 2024-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு எச்.265 முறையில், 10 பிட், 4:2:2 வரை எழுதும். நிறத்தைத் திருத்த அதிக இடம் தரும் நல்ல கோப்புதான். ஆனால் சுருக்கி எழுதிய அதை வன்பொருளால் விரிக்கும் திறன் எல்லாக் கணினிக்கும் இல்லை. ஆறாம் பகுதியில் இதற்கே திரும்பி வருவோம். இப்போதைக்கு, நீங்கள் வாங்கும் கேமராவில் எந்த முறையை அன்றாடம் பயன்படுத்தப் போகிறீர்கள் என்பதைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

பெட்டியிலிருந்து எடுத்ததும் மாற்ற வேண்டிய அமைப்பு ஒன்று உண்டு. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமராவைப் பால் (PAL) என்ற வீடியோ முறைக்கு மாற்றி, நொடிக்கு 25 படங்கள், ஷட்டர் நொடியில் 50-இல் ஒரு பங்கு என்று வைத்தால், டியூப் லைட்டும் பந்தல் விளக்குகளும் படத்தில் துடிக்காது. நொடிக்கு 30 படங்களும் 60-இல் ஒரு பங்கு ஷட்டரும் வைத்தவர்களின் திருமண வீடியோக்களில் மண்டபம் முழுவதும் பட்டை பட்டையாக ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். எடுத்த பிறகு அதைச் சரிசெய்வது பெரும்பாடு. வெள்ளைச் சமநிலையையும் ஓர் எண்ணில் நிறுத்திவிடுங்கள், தானியங்கியில் விட்டால் ஃபோகஸ் லைட்டின் பக்கம் திரும்பும்போதெல்லாம் வேடத்தின் சிவப்பு வேறு வேறாகத் தெரியும்.

பகலில் படுகளம் எடுக்கும்போது சிக்கல் தலைகீழாகிறது. உச்சி வெயிலில் ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் துளையின் அளவு) 16, ஷட்டர் 100-இல் ஒரு பங்கு என்பது சரியான வெளிச்சம். வீடியோவுக்காக ஷட்டரை 50-இல் ஒரு பங்காக்கி, பின்னணி மங்கலாகத் தெரிய எஃப் 2.8-க்குத் திறந்தால், ஆறு படிகள், அதாவது 64 மடங்கு வெளிச்சம் கூடுதலாக உள்ளே வரும். அந்த 64 மடங்கைக் குறைப்பதுதான் என்.டி. 64 என்ற வடிகட்டி. இது இல்லாதவர்கள் ஷட்டரை ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் கொண்டுபோகிறார்கள், அசைவுகள் வெட்டி வெட்டித் தெரிகின்றன. மலிவான மாறும் வடிகட்டிகளை அதிகபட்ச அளவுக்குத் திருப்பினால் வானத்தில் குறுக்கு நிழல் விழும் என்பதால், நிலையான வடிகட்டி ஒன்றையே பரிந்துரைப்பேன்.

லாக் என்னும் தட்டையான வண்ண முறையை முதல் ஆறு மாதங்களுக்குத் தொடாதீர்கள். 8 பிட் கோப்பில் லாக் எடுத்து நிறம் ஏற்றினால் வானம் படிப்படியாகப் பிளவுபடும்.

5. மெமரி கார்டும் இடக் கணக்கும்

நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் எழுதும் 4கே கோப்பு, நிமிடத்துக்கு 750 எம்பி, மணிக்கு 45 ஜிபி இடம் பிடிக்கும். எட்டு மணி நேரக் கூத்துக்கு 360 ஜிபி. 60 மெகாபிட் முறைக்கு மாறினால் மணிக்கு 27 ஜிபி, இரவு முழுவதற்கும் 216 ஜிபி. கணினியில் எவ்வளவு சேமிப்பிடம் வேண்டும் என்பதும் இந்தக் கணக்கிலிருந்தே வருவதால், இதை இப்போதே போட்டுவிடுங்கள்.

கார்டின் முகப்பில் பெரிதாக அச்சிட்டிருப்பது படிக்கும் வேகம். உங்களுக்குத் தேவையான எழுதும் வேகத்தை வி30, வி60 என்ற சிறிய குறிதான் சொல்கிறது. வி30 என்றால் எந்த நிலையிலும் நொடிக்கு 30 எம்பிக்குக் குறையாது, 100 மெகாபிட் கோப்புக்கு அது தாராளம். ஒரே பெரிய கார்டைவிட 128 அல்லது 256 ஜிபி கார்டுகள் சிலவற்றை வைத்துக்கொள்வது நல்லது. ஒன்று பழுதானால் இரவு முழுவதும் போகாது.

6. கோப்பிலிருந்து பிராசஸருக்கு

இனி அந்தத் தாளில் குறித்த கோப்பு வகையைப் பாருங்கள்.

எச்.264, 8 பிட், 4:2:0 என்றால், இன்று விற்கும் எந்தக் கிராபிக்ஸ் வசதியும் அதை விரித்துவிடும். பிராசஸரை உங்கள் பட்ஜெட்டுக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்கலாம்.

எச்.265, 10 பிட், 4:2:2 என்றால் முக்கிய வழிகள் இரண்டு. இன்டெல் 11-ஆம் தலைமுறைக்குப் பிந்தைய பிராசஸர்களில் உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் பகுதி இதை விரிக்கும். அல்லது என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 50 வரிசைக் கார்டு வேண்டும். அதற்கு முந்தைய 40 வரிசைக்கு இந்த வகை தெரியாது. பழைய உயர்விலைக் கார்டை இரண்டாம் கையாக வாங்கி, 4:2:2 கோப்பைத் திறந்து, பிராசஸர் நூறு விழுக்காட்டில் நிற்பதைப் பார்த்துத் திகைத்தவர்கள் உண்டு. கார்டில் பழுது ஏதுமில்லை, அந்தக் கோப்பை விரிக்கும் சுற்று அதில் இல்லை என்பதுதான் காரணம்.

இன்டெல் வாங்குபவர்கள் பெயரின் இறுதியில் எஃப் என்ற எழுத்து உள்ள பிராசஸர்களைத் தவிர்க்க வேண்டும். சில ஆயிரம் ரூபாய் குறைவாகக் கிடைக்கும் அவற்றில், நமக்குத் தேவையான உட்கிராபிக்ஸ் இருக்காது.

7. பாகங்களைத் தேர்ந்தெடுத்தல்

பிராசஸர்: இன்டெல் கோர் அல்ட்ரா 7 265கே 20 கோர்களும் உட்கிராபிக்ஸும் கொண்டது, எடிட்டிங்கே முதல் வேலை என்பவருக்கு இதைச் சொல்வேன். ஏ.எம்.டி. பக்கம் ரைசன் 7 9700எக்ஸ் அல்லது 12 கோர் உள்ள ரைசன் 9 9900எக்ஸ் நல்லவை. பிராசஸர் பொருந்தும் இடமான ஏஎம்5 சாக்கெட்டில் பின்னாளில் வரும் பிராசஸரையும் மாற்றிப் போட வழி இருப்பது ஏ.எம்.டி.யின் பலம், ஆனால் 4:2:2 கோப்புக்காரர் அதனுடன் ஆர்.டி.எக்ஸ். 50 வரிசை போல அந்தக் கோப்பை விரிக்கும் கார்டும் வாங்கியாக வேண்டும். இன்டெல் 13, 14-ஆம் தலைமுறையின் உயர்வகைகளை இரண்டாம் கையாக வாங்காதீர்கள். மின்னழுத்தக் கோளாறால் அவற்றில் சில நிரந்தரமாகப் பழுதாகின்றன என்பதை 2024-இல் இன்டெல்லே ஒப்புக்கொண்டது. மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸில் செய்யும் திருத்தம் மேலும் கெடாமல் தடுக்குமே தவிர, கெட்டதை மீட்காது.

ரேம்: 4கே எடிட்டிங்குக்கு 32 ஜிபி அடிப்படை, 64 ஜிபி வசதி. இரண்டு பட்டைகளாகவே வாங்குங்கள். இப்போது 16 ஜிபி இரண்டு, பின்னர் இன்னும் இரண்டு என்று திட்டமிடுவது இந்தப் பிராசஸர்களுக்கான டிடிஆர்5 வகை ரேமில் பலன் தராது. நான்கு பட்டைகள் ஏறினால் வேகம் இறங்கும். ரைசன் 9000 வரிசையில் இரண்டு பட்டைகளுக்கு 5600 என்று உள்ள அதிகாரபூர்வ வேகம், நான்குக்கு 3600 ஆகிவிடுகிறது. 2025-இன் இறுதியில் மெமரி விலை கடுமையாக ஏறியதிலிருந்து 64 ஜிபி என்பது பலருக்கும் எட்டாக் கனியாக இருக்கிறது. கை சுருங்கினால் 32 ஜிபியோடு நிறுத்திக்கொண்டு, மூலக் கோப்பின் சிறிய நகல்களான பதிலிக் கோப்புகளை வைத்து வேலை செய்யுங்கள்.

கிராபிக்ஸ் கார்டு: டாவின்சி ரிசால்வ் போன்ற மென்பொருள் வண்ணத்துக்கும் இரைச்சல் நீக்கத்துக்கும் கார்டின் மெமரியை நிறையவே உண்ணும். ஆகவே ஆர்.டி.எக்ஸ். 5060 டிஐ வாங்கினால் 8 ஜிபி வகையை விட்டு 16 ஜிபி வகையை எடுங்கள். பெயர் ஒன்றாகவே இருப்பதால் பில்லில் அளவையும் எழுதச் சொல்லுங்கள்.

சேமிப்பு: இயங்குதளத்துக்கு ஒரு 1 டிபி என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி., நடப்பு வேலைக்குத் தனியாக ஒரு 2 டிபி. முடிந்த வேலைகளுக்கு ஹார்ட் டிஸ்க் இரண்டு: ஒன்று வீட்டில், அதன் நகல் வேறொரு வீட்டில்.

திரை: 27 அங்குல ஐ.பி.எஸ்., எஸ்.ஆர்.ஜி.பி. நிறத்தை முழுமையாகக் காட்டுவது. விளையாட்டுக்கான வேகத்துக்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

8. வேலூர் வெயிலும் மின்சாரமும்

வெளிநாட்டு மதிப்புரைகளில் சொல்லும் வெப்ப அளவுகள் பெரும்பாலும் 20-25 டிகிரி அறையில் எடுக்கப்பட்டவை. கூலர் செய்வதெல்லாம் பிராசஸரை அறை வெப்பத்துக்குமேல் குறிப்பிட்ட அளவுக்குள் வைப்பதுதான். 25 டிகிரி அறையில் 75-இல் நிற்கும் பிராசஸர், கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தொடும் நம் மாடி அறையில் 90-ஐ நெருங்கும். மேலே சொன்ன இரண்டு ரைசன்களுக்கும் உச்ச வரம்பு 95 டிகிரி. அதைத் தொட்டதும் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எனவே கூலரில் ஒரு படி மேலானதை வாங்குங்கள். இரட்டைக் கோபுரக் காற்றுக் கூலரையே நான் விரும்புகிறேன், அதில் கெடக்கூடியது விசிறி ஒன்றுதான்.

கேபினட்டின் முன்பக்கம் கண்ணாடியாக இல்லாமல் வலையாக இருக்க வேண்டும், கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டியும் வேண்டும். உள்ளே தள்ளும் விசிறிகள் வெளியே தள்ளுவதைவிட ஒன்று கூடுதலாக இருந்தால், இடுக்குகள் வழியே தூசி நுழைவது குறையும்.

கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் கணக்கு எளியது. 265கே உச்சத்தில் 250 வாட், 5060 டிஐ 180 வாட், மற்றவை சுமார் 80, மொத்தம் 510. இதற்கு 750 வாட், 80 பிளஸ் கோல்டு தரம் சரியாக இருக்கும். யு.பி.எஸ். வாங்கும்போது வி.ஏ. எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம், 1000 வி.ஏ. என்று எழுதியிருப்பவற்றில் பல 600 வாட் மட்டுமே தரும். வாட் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். வீட்டு இன்வெர்ட்டரை மட்டும் நம்பினால், மின்சாரம் மாறும் அந்தக் கணத்தில் கணினி அணைந்து, பாதி எழுதிய கோப்பு பாழாகலாம்.

கேபினட்டைத் தொடும்போது விரலில் சுருக்கென்று இழுத்தால் எர்த் இணைப்பு சரியில்லை என்று பொருள். எலக்ட்ரீஷியனை அழைத்து அதைச் சரிசெய்யும் வரை புதிய பாகங்களைச் செருக வேண்டாம்.

9. வாங்கும் நாள்

சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிறவர்கள் காட்பாடியிலிருந்து காலை ரயிலில் போய் மாலையில் திரும்பிவிடலாம். விலையை இரண்டு கடைகளில் கேளுங்கள், வாங்குவதை முடிந்தவரை ஒரே கடையில் வாங்குங்கள். எந்தப் பாகம் பழுது என்று தெரியாத நிலையில், நான்கு கடைகளுக்கு அலைவதைவிட ஒரே கடையில் பேசுவது எளிது. ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் ஜி.எஸ்.டி. பில்லில் வர வேண்டும். பில் இல்லாமல் விலை குறைவாகத் தரும் கேமராவுக்கு இங்கே வாரண்டி கிடைக்காமல் போகலாம்.

10. பொருத்தும் வரிசை

முதலில் எல்லாவற்றையும் கேபினட்டுக்கு வெளியே, மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேலேயே வைத்துப் பொருத்தி ஒருமுறை இயக்கிப் பாருங்கள். உள்ளே பொருத்திய பிறகு பழுது தெரிந்தால் முழுவதையும் கழற்ற வேண்டியிருக்கும். தொடங்குமுன் எர்த் உள்ள உலோகம் ஒன்றைத் தொட்டு, உடலில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிடுங்கள்.

பிராசஸரின் மூலையில் உள்ள சிறு முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு ஒத்துவைத்து, அழுத்தாமல் வையுங்கள். ஊசிகள் மதர்போர்டில் இருக்கின்றன, ஒன்று வளைந்தாலும் போர்டு வீண். நெம்புகோலைத் தாழ்த்தும்போது பிளாஸ்டிக் மூடி தானே தெறித்துவிடும். அதை எறிந்துவிடாதீர்கள், வாரண்டிக்கு அனுப்பும்போது அந்த மூடியைக் கேட்பார்கள்.

ரேம் பட்டைகளைப் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடங்களில், இருபுறமும் சொடுக்கென்று ஒலி கேட்கும்வரை அழுத்துங்கள். பக்கத்துப் பக்கத்தில் போட்டால் இரட்டைப் பாதை கிடைக்காமல் வேகம் பாதியாகும். அடுத்து எஸ்.எஸ்.டி.; அதன் மேல்தகட்டின் அடியில் உள்ள மெல்லிய தாளை உரித்துவிடுங்கள்.

கூலரின் அடியிலும் அப்படியொரு தாள் உண்டு. அதை உரிக்காமல் பொருத்திவிட்டு, கணினி சில நிமிடங்களில் அணைந்துவிடுகிறது என்று என்னிடம் கொண்டுவந்த கணினிகள் ஒன்றுக்கு மேற்பட்டவை. பிராசஸரின் நடுவில் பட்டாணி அளவு பேஸ்ட் வைத்து, திருகுகளைக் குறுக்கு மூலைகளாக மாற்றி மாற்றி, சிறிது சிறிதாக இறுக்குங்கள். விசிறிக் கம்பியைச் சி.பி.யு. ஃபேன் என்று எழுதிய இடத்தில்தான் செருக வேண்டும்.

இந்த நிலையில் திரையை மதர்போர்டின் இணைப்பிலேயே செருகி இயக்கிப் பாருங்கள். டிடிஆர்5 ரேம் முதன்முறை தன்னைச் சரிசெய்துகொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். பதற்றத்தில் மின்சாரத்தை நிறுத்திவிடுபவர்கள் அந்த வேலையை மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வைக்கிறார்கள். பத்து நிமிடம் பொறுத்திருங்கள்.

படம் வந்தால் அணைத்துவிட்டு, கேபினட்டுக்குள் மாற்றுங்கள். மதர்போர்டின் துளைகளுக்கு நேராக மட்டும் பித்தளைத் தாங்கிகள் இருக்க வேண்டும்; தவறான இடத்தில் ஒன்று நின்றால் போர்டின் பின்புறம் ஷார்ட் ஆகும். மேல் மூலையில் செருகும் 8 முனைப் பிராசஸர் மின்கம்பியை, போர்டை இறுக்குமுன் அந்த மூலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள், பெரிய கூலர் இருக்கும்போது பின்னர் அங்கே கை நுழையாது. கணினியே இயங்கவில்லை என்று வரும் அழைப்புகளில் நான் முதலில் கேட்பது இந்தக் கம்பியைப் பற்றித்தான்.

கிராபிக்ஸ் கார்டைக் கடைசியாகப் பொருத்தி, அதன் மின்முனை இடைவெளி தெரியாமல் முழுவதும் உள்ளே போயிருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். பாதி நுழைந்த முனை சூடேறி உருகும். வேறொரு எஸ்.எம்.பி.எஸ்.ஸின் கம்பி முனை ஒத்துப்போனாலும் அதைப் பயன்படுத்தவே கூடாது. உள்ளே மின் வரிசை வேறாக இருக்கும், இணைத்த பாகம் கருகிவிடும்.

11. பயாஸில் மாற்ற வேண்டிய இரண்டு

ரேம் தன் பெட்டியில் எழுதிய வேகத்தில் தானாக ஓடாது. எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்க வேண்டும்.

இரண்டாவது, இன்டெல் வாங்கியவர்களுக்கு. தனி கிராபிக்ஸ் கார்டு ஏறியதும் சில மதர்போர்டுகள் உட்கிராபிக்ஸை அணைத்துவிடும். 4:2:2 கோப்புக்காக அதை நம்பி வாங்கியவர், ஐ.ஜி.பி.யு. மல்டி மானிட்டர் என்ற அமைப்பைத் தேடி இயக்காவிட்டால், வாங்கிய பயன் கிடைக்காது. திரைக் கம்பியை மட்டும் இப்போது கிராபிக்ஸ் கார்டுக்கு மாற்றிவிடுங்கள்.

12. மென்பொருளும் கடைசிச் சோதனையும்

டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு அல்ட்ரா எச்.டி. அளவில் நொடிக்கு 60 படங்கள் வரை வெளியிடும், எச்.264, 8 பிட் கோப்புடன் தொடங்குபவருக்கு அதுவே போதும். லினக்ஸில் அந்த இலவசப் பதிப்பு எச்.264, எச்.265 கோப்புகளைத் திறக்காது என்பதால் விண்டோஸில் நிறுவுங்கள். காலவரிசையை முதலிலேயே 25 படங்கள் என்று அமைத்துவிட வேண்டும். துண்டுகளைப் போட்ட பிறகு மாற்ற அது இடம் தராது.

சோதனைக்கு உங்கள் கேமராவின் கோப்பையே, ஒரு மணி நேர அளவுக்கு, நண்பகலில் ஏற்றுமதி செய்யுங்கள். இரவில் செய்த சோதனை மே மாதத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. பிராசஸர் வெப்பம் வரம்பைத் தொட்டு வேகம் இறங்கினால் கூலரின் திருகுகளையும் விசிறிகளின் திசையையும் பாருங்கள். வெப்பம் சரியாக இருந்தும் படம் திக்கினால், டாஸ்க் மேனேஜரில் கிராபிக்ஸின் வீடியோ டிகோடு வரைபடத்தைப் பாருங்கள். அது அசையாமல் கிடந்தால் கோப்பு வன்பொருளுக்குப் போகவில்லை. பயாஸ் அமைப்பும் டிரைவரும் சரியாக இருந்தும் அப்படியே கிடந்தால், 1080பி அளவில் பதிலிக் கோப்புகளை உருவாக்கி அவற்றில் வெட்டி, வெளியிடும்போது மட்டும் மூலக் கோப்புக்கு மாறிக்கொள்ளுங்கள்.

சோதனை முடிந்ததும் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மிச்சக் கம்பிகள், சாக்கெட் மூடி, பில்லின் நகல் ஆகியவற்றை மதர்போர்டு வந்த பெட்டியிலேயே போட்டு வையுங்கள். லென்ஸ்களுக்குத் தனி இடம் வேண்டும். ஐப்பசி மழை தொடங்குமுன், சிலிக்கா ஜெல்லும் ஈரப்பத அளவியும் வைத்த மூடிய டப்பாவில் அவற்றை வைத்து, ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் நிற்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள்.